நத்தைப் பெட்டியில் ஈ மொய்க்கிறதா?

நாய் வளர்ப்பவர்கள் உண்டு. பூனை வளர்ப்பவர்கள் உண்டு. கிளியும் மீனும் வளர்ப்பவர்களும் உண்டு. நத்தை வளர்ப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஒருவன் இருக்கிறான்!

பினாங்கு, பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். 1972-ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கப்பட்ட பிறகு, வயல்களும் கம்பங்களுமாக இருந்த இந்தப் பகுதி புதுநகரமாக எழுந்தது. தொழிற்சாலை வேலையை நம்பித் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தோட்டத்து லயத்தில் கோழி, ஆடு, மாடு என்று ஒரு பட்டாளத்தோடு வளர்ந்தவள் நான். என் 10 வயது மகனுக்கோ நான்கு சுவர்களும் ஒரு ஜன்னலும்தான். அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. பூனைக்கு என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

ஒரு மழை நாளில் கால்வாய் ஓரத்தில் கண்டெடுத்த பெரிய நத்தை ஒன்றை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து நின்றான் பையன். "அம்மா, இது குரைக்காது, கடிக்காது, முடி கொட்டாது" என்றான். மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மூலையில் கிடந்த பழைய மீன் தொட்டியில் மண் போட்டு, அதை உள்ளே விட்டு, 'முத்து' என்று பெயரும் சூட்டிவிட்டான்.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு வந்தன ஈக்கள்!

வீட்டு ஈ அல்ல. எள் அளவில், சிவந்த கண்ணோடு, மூக்கின் முன்னால் மிதந்து திரியும் பழ ஈக்கள். தேநீர்க் கோப்பையில் விழுந்தன. சோற்றின்மேல் உட்கார்ந்தன. சாமி படத்தின் முன் வைத்த வாழைப்பழத்தையும் விடவில்லை. "உன் பிள்ளை வளர்க்கிறது நத்தையா, ஈயா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

நான் செய்த தவறு

பையன் பள்ளிக்குப் போயிருந்த நேரம். கொசு மருந்து டின்னை எடுத்தேன். தொட்டியின் மேலே ஒரு வீச்சு. மூடியைத் தூக்கி உள்ளே ஒரு வீச்சு. ஈக்கள் பொலபொலவென்று விழுந்தன. 'இவ்வளவுதானே!' என்று கையைக் கழுவிக்கொண்டு சமைக்கப் போய்விட்டேன். பையனிடம் சொல்லவில்லை.

முத்து ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டது. தூங்குகிறது என்று நினைத்தோம். மூன்றாம் நாள் தொட்டியில் நாற்றம் வந்தது. மருந்துதான் கொன்றது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உணவையும் மீன் தொட்டியையும் மூடி வைத்துவிட்டு அடிக்கும்படி அந்த டின்னிலேயே அச்சிட்டிருந்தது. படிக்காதது என் குற்றம். நத்தையின் உடம்பு எப்போதும் ஈரமாக இருப்பது. தன்மேல் படுவதைத் துடைத்துக்கொள்ள அதற்குக் கையுமில்லை, ஓடித் தப்பிக்கக் காலுமில்லை.

பையன் அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவன் பூச்சாடி மண்ணைத் தோண்டி அதைப் புதைத்தான். கையைக் கழுவினான். "மருந்து அடிச்சீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரத்திற்குள் அதே தொட்டியிலிருந்து ஈக்கள் மறுபடியும் கிளம்பின. நத்தை போய்விட்டது; ஈ போகவில்லை!

பாட்டி சொன்ன வைத்தியம்

அந்தச் சமயம் கெடா மாநிலத் தோட்டத்திலிருந்து என் அம்மா வந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தார். "ஈயை ஏன்டி விரட்டிக்கிட்டிருக்கே? அதுக்குச் சோறு போடுறதை நிறுத்து, தானாப் போயிடும்" என்றார். உள்ளே பாதி தின்ற பப்பாளித் துண்டு, கறுத்துப்போன வாழைப்பழத் தோல், அழுகிய சாவிக் கீரை! நத்தைக்கென்று நாங்கள் போட்டதெல்லாம் ஈக்குத் தொட்டிலாகியிருந்தது.

"தோட்டத்திலே கொசுவுக்கு என்ன செய்வாங்க? கொசுவைத் துரத்திக்கிட்டா ஓடுவாங்க? கால்வாயை வெட்டிவிட்டு, தேங்குன தண்ணியிலே எண்ணெய் அடிப்பாங்க. புழு செத்தா கொசு எங்கேயிருந்து வரும்?"

அம்மா சொன்னது சாதாரண பேச்சல்ல. நம் தோட்ட மக்களின் உயிரைக் காத்த உண்மை. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று 1897-இல் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். 1901-இல் கிள்ளானில் அரசாங்க டாக்டராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடியவைத்தும் காட்டைத் துப்புரவாக்கியும் கிள்ளானிலும் அன்றைய சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாவை அடக்கிக் காட்டினார். அதன்பின் கால்வாய் வெட்டுவதும் எண்ணெய் தெளிப்பதும் தோட்டங்களில் வழக்கமான வேலையாயிற்று. பூச்சியை அல்ல, பூச்சி பிறக்கும் இடத்தை ஒழிப்பதுதான் அதன் சூட்சுமம். நத்தைப் பெட்டிக்கும் அதே சட்டம்தான்!

மருந்தால் ஏன் முடியவில்லை?

பழ ஈ புளித்துக் கனியும் பண்டங்களில் முட்டையிடும். ஏறக்குறைய ஒரே நாளில் முட்டை பொரிந்து புழுவாகிறது. நான்கைந்து நாள் அந்தக் கூழிலேயே தின்று வளர்கிறது. பிறகு ஈரம் குறைந்த இடமாகப் பார்த்து ஏறிக் கூடு கட்டுகிறது. தொட்டியின் கண்ணாடியில் எள்ளைப் போன்ற பழுப்புக் கூடுகள் ஒட்டியிருக்கக் காணலாம். அவை அழுக்கு அல்ல, நாளைய ஈக்கள். நம் நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈயாக 8 முதல் 10 நாட்களே போதும். பெண் ஈ ஒன்று தன் வாழ்நாளில் 400 முட்டை வரைகூட இடும்.

நான் அடித்த மருந்து பறந்த ஈக்களைக் கொன்றது. பழத்துக்குள் இருந்த புழுவையும் கூட்டுக்குள் இருந்ததையும் தொடவில்லை. ஒரு வாரத்தில் படை திரும்பியதன் ரகசியம் இதுதான்.

எந்த ஈ என்று பாருங்கள்

எல்லாச் சிறு ஈயும் பழ ஈ அல்ல. முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்.

தேன் நிற உடம்பும் சிவந்த கண்ணும் கொண்டு, உணவின்மேல் மெதுவாக மிதந்தால் அது பழ ஈ. குற்றம் உணவில் இருக்கிறது.

கறுப்பாக, கொசுவைப்போல் நீண்ட காலோடு மண்ணிலிருந்து எழும்பினால் அது காளான் ஈ. மண் சொதசொதவென்று இருக்கிறது என்று பொருள். மண்ணை மாற்றி, தண்ணீரைக் குறையுங்கள்.

கூன் விழுந்த முதுகோடு, பறக்காமல் விட்டுவிட்டு ஓடினால் அது கூன் ஈ. இதைக் கண்டால் உடனே நத்தையைப் பாருங்கள். உள்ளே ஏதோ செத்து அழுகிக்கொண்டிருக்கலாம்.

மண்ணில் வெள்ளையாகத் தத்தித் திரியும் மிகச் சிறு பூச்சிகள் பூஞ்சணத்தைத் தின்பவை. அவற்றால் தொல்லையில்லை, விட்டுவிடுங்கள்.

கொய்யாவிலும் விளிம்பிப் பழத்திலும் புழு வைக்கும் ஈயையும் பழ ஈ என்றே சொல்கிறோம். அது வேறு இனம், அளவில் பெரியது, காய் மரத்தில் இருக்கும்போதே துளைத்து முட்டையிடும். நம் பாயான் பாருவுக்கு அருகிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டான் கெங் ஹோங் அதைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். பழ ஈக்களைப் பற்றிய அனைத்துலக மாநாடு ஒன்று 1998-இல் பினாங்கில் நடந்ததும் உண்டு. அந்தப் பெரிய ஈயின் ஆண்களைக் கவர மரத்தில் தொங்கவிடும் வாசனைப் பொறியை வாங்கி நத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. இந்தச் சிறு ஈ அதற்கு மயங்காது.

இரண்டு வார வைத்தியம்

பையனுக்கு நான் ஒரு நத்தை கடன்பட்டிருந்தேன். மழைக்காலம் வந்ததும் அவனே இன்னொன்றைக் கொண்டுவந்தான். இந்த முறை பாட்டியின் சொற்படி நடந்தோம். நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, உணவு. நத்தை இரவில் மேய்வது. ஆகவே பொழுது சாய்ந்தபின் தீனி வைத்து, காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். மண்மேல் போடாமல் ஒரு சிறு மூடியில் வைத்தால் எடுப்பது எளிது. வெள்ளரிக்காய், சாவி, வற்றாளைக் கிழங்கின் இலை ஆகியவை நத்தைக்குப் பிடித்தவை, சீக்கிரம் புளிக்காதவை. வாழைப்பழமும் பப்பாளியும் வாரம் ஒருமுறை, விரல் நுனி அளவு போதும்.

இரண்டாவது, கழுவுதல். கடையிலிருந்து வரும் பழத்தின் தோலிலும் காம்பிலும் ஈ முட்டை ஏற்கெனவே இருக்கக்கூடும். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலை நீக்கிவிடுங்கள். குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் பழத்துண்டை 2 நாள் உறையவைத்து, பின் இளக்கிக் கொடுக்கலாம், முட்டை செத்துவிடும். காய்கறியில் தெளித்த பூச்சிமருந்தும் நத்தைக்கு ஆகாது. அதற்காகவும் கழுவத்தான் வேண்டும்.

மூன்றாவது, மண். ஈ வந்துவிட்ட பெட்டியின் மண்ணை முழுதும் கொட்டி, கண்ணாடியில் ஒட்டிய கூடுகளைச் சுரண்டி, சுடுதண்ணீரால் கழுவுங்கள். சவர்க்காரமும் குளோரோக்சும் வேண்டாம். புதிய மண்ணை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து ஆறவிட்டுப் போடுங்கள். தேங்காய் நார்த் தூளும் நல்லது. தோட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: களைக்கொல்லியோ உரமோ போட்ட இடத்து மண்ணை எடுக்கலாகாது. கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத அளவு ஈரம் போதும்.

நான்காவது, மூடி. சாதாரணக் கொசுவலையின் கண்ணில் பழ ஈ நுழைந்துவிடக்கூடும். பழைய மல் வேட்டித் துணியை நான்காக வெட்டி, தொட்டியின் வாயில் கட்டுங்கள். காற்று போகும், ஈ போகாது. நத்தை முட்டித் தூக்காதபடி மேலே கம்பி மூடியையும் வைத்து அழுத்துங்கள்.

ஐந்தாவது, பொறி. கடையில் சுக்கா என்று விற்கும் காடியை ஒரு கோப்பையில் இரண்டு விரல் அளவு ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். காகிதத்தைப் புனல்போல் சுருட்டி, சிறு துளை கீழே இருக்கும்படி வாயில் செருகுங்கள். புளித்த வாசனைக்கு ஈ உள்ளே போகும். சோப்பினால் மிதக்க முடியாமல் மூழ்கும். இந்தக் கோப்பை பெட்டிக்கு வெளியே, ஓரடி தள்ளி இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் நத்தை ஏறி விழும். காடி அதன் உடம்பைச் சுடும். உப்பும் அப்படித்தான். வேடிக்கைக்குக்கூட நத்தைமேல் உப்புத் தூவப் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஆறாவது, அடுக்களை. பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் அன்னாசித் தோலை அப்படியே விட்டால் என்ன பயன்? ஈக்கு நம் வீடு ஒன்றுதான்; நத்தை வீடு, மனிதர் வீடு என்ற பேதமில்லை. குப்பையை அன்றன்று கட்டி வெளியேற்றுங்கள். நத்தை ஓட்டின் வலுவுக்காக முட்டை ஓடு போடுபவர்கள் அதை வேகவைத்து, உள்தோலை உரித்துக் காயவைத்துப் போடுங்கள்.

இவற்றை 14 நாள் விடாமல் செய்ய வேண்டும். நான்கு நாளில் ஈ குறைந்ததும் கைவிட்டால், கூட்டுக்குள் இருப்பவை வெளிவந்து கணக்கை மறுபடி தொடங்கிவிடும். ஈயின் ஒரு தலைமுறை 10 நாள். நம் பொறுமை அதைவிட நான்கு நாள் கூடுதலாக இருந்தால் வெற்றி நமதே!

டிங்கிக் காய்ச்சலுக்காகப் புகை அடிக்க வரும் நாளில் பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய், ஜன்னலைச் சாத்திவையுங்கள். கொசுவர்த்திக்கும் பெட்டிக்கும் நல்ல தூரம் இருக்கட்டும்.

கையைக் கழுவினாயா?

பெற்றோர்களே, இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். எலியின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் வாழும் ஒரு புழு உண்டு. 1935-இல் சீனாவின் காண்டன் நகரத்து எலிகளில் அது முதன்முதலாகக் கண்டு விவரிக்கப்பட்டது. எலிப் புழுக்கையிலிருந்து அதன் குஞ்சுகள் நத்தைக்குள் புகுகின்றன. நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் மனிதருக்குள் போய், மூளையை மூடிய சவ்வை வீங்கச் செய்கின்றன.

எனவே நத்தையையோ அதன் மண்ணையோ தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. சமையல் மேடையில் நத்தையை ஊரவிடக் கூடாது. வயல் நத்தையைச் சமைத்துண்ணும் பழக்கம் நம் முன்னோரிடம் உண்டுதான். கால்வாய் ஓரத்தில் திரியும் இந்தப் பெரிய நத்தை அதுவல்ல. நத்தையோடு பழகும் பிள்ளைக்குக் கடும் தலைவலியும் கழுத்துப் பிடிப்பும் வந்தால், ஆஸ்பத்திரியில் நத்தை விஷயத்தையும் சொல்ல மறவாதீர்கள்.

வெளியே விட்டால் என்ன?

'இவ்வளவு தொல்லை எதற்கு? தூக்கி வெளியே விட்டால் போகிறது' என்று தோன்றும். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

இந்தப் பெரிய நத்தை நம் மண்ணில் பிறந்ததல்ல; கிழக்கு ஆப்பிரிக்காவினது. மொரிசியசிலிருந்து 1847-இல் கல்கத்தாவுக்கு வில்லியம் பென்சன் என்பவர் கொண்டுவந்து விட்டார். 1900-இல் இலங்கைக்கு வந்தது. பிறகு மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. நம் முன்னோரைப் போலவே கடல் கடந்து வந்து இங்கே நிலைத்துவிட்டது! ஆனால் நாற்றுப் பண்ணையிலும் காய்கறிப் பாத்தியிலும் அது செய்யும் நாசம் தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. ரப்பர்க் கன்றையும் மூடுபயிரையும்கூட விட்டுவைப்பதில்லை.

1966-இல் ஹவாய்த் தீவிலிருந்து ஒரு சிறுவன் இதே இனத்து நத்தைகள் மூன்றை அமெரிக்காவின் மயாமி நகருக்குக் கொண்டுபோனான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு ஆண்டுகளில் அவை 18,000-க்கும் மேல் பெருகிவிட்டன! பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து 1975-இல் ஒழித்தார்கள். 2011-இல் அந்த மாநிலத்தில் அந்த இனம் மீண்டும் தலைகாட்டியது. ஒழிந்தது என்று 2021-இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே வேறோர் இடத்தில் கண்டுபிடித்தார்கள்.

ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் இருப்பது. முன்பு இணைந்திருந்தால், தனியாக வளர்க்கும்போதும் முட்டையிடும். ஒரே தடவையில் 100-க்கு மேல்கூட இடும். மண்ணை மாற்றும்போது பச்சைப்பயறு அளவில் வெளுத்த முட்டைகள் தெரிந்தால், கொதிக்கும் தண்ணீர் ஊற்றிய பின்பே குப்பையில் போடுங்கள். பழைய மண்ணையும் அப்படியே செய்யுங்கள். எடுத்து வளர்த்தால் கடைசிவரை வளர்க்க வேண்டும். முடியாதென்றால் எடுக்கவே கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம்

எங்கள் பையன் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். புது நத்தை வந்ததிலிருந்து தினமும் காலையில் காடிக் கோப்பையில் விழுந்த ஈக்களை எண்ணி எழுதினான். முதல் நாள் 31. ஐந்தாம் நாள் 12. ஒன்பதாம் நாள் மறுபடி ஏறி 17 ஆனது. "அம்மா, கூட்டிலே இருந்தது வெளியே வந்திடுச்சு, பாட்டி கணக்கு சரி" என்றான். பதினான்காம் நாள் 'இல்லை' என்று எழுதிக் கீழே கோடு போட்டான்.

ஈயும் ஒன்றும் உதவாத பிராணி அல்ல என்று அவனுக்குச் சொன்னேன். இதே சிறு பழ ஈயைப் புட்டிகளில் வளர்த்துத்தான், பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்பதை அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் ஆராய்ந்து, 1933-இல் நோபல் பரிசு பெற்றார். "அப்போ அவர் வீட்டிலே மருந்து அடிக்கல" என்றான் பையன். எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது.

பூச்சாடியில் புதைத்த முத்துவின் ஓட்டை அவன் பிறகு எடுத்துக் கழுவி, ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறான். டின்னை எடுக்கக் கை நீளும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சின்னப் பண்ணையாள் இருந்தால், இன்று இரவு தீனி வைத்து நாளைக் காலை எடுத்துவிடச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் நீங்கள் நினைவுபடுத்துங்கள். செலவில்லாத வைத்தியம், செய்துதான் பாருங்களேன்!